பிளக் குழியில் ஆயில் நின்றால்: மிஸ்ஸிங்கும் கசிவும் சேர்ந்து வரும்போது

பழைய பெட்ரோல் கார். ஐடிலிங்கில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) குலுங்குகிறது, ஏற்றத்தில் இழுவை இல்லை, நிறுத்திய இடத்தில் ஆயில் சொட்டியிருக்கிறது. இதைப் பெரும்பாலும் இரண்டு தனித்தனி வேலையாகப் பிரித்துவிடுகிறார்கள். மிஸ்ஸிங்குக்கு, அதாவது ஏதாவது ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் போவதற்கு, ஸ்பார்க் பிளக், அதற்கு மின்சாரம் தரும் காயில் எல்லாம் மாற்றுவது. கசிவுக்கு அவ்வப்போது ஆயில் ஊற்றிச் சமாளிப்பது. கொஞ்ச நாளில் மிஸ்ஸிங் திரும்ப வந்து நிற்கும். பிளக்குகள் எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டின் நடுவே குழிக்குள் உட்காரும் எஞ்சின்களில், இரண்டு புகாரும் ஒரே டேப்பெட் கவரிலிருந்து, அதாவது ஹெட்டை மூடும் மேல்மூடியிலிருந்து, கிளம்புவது மிக சகஜம்.

ஆகவே எதையும் வாங்குவதற்கு முன், எஞ்சின் நன்றாக ஆறியதும் காயில்களைக் கழற்றிப் பாருங்கள். குழி காய்ந்திருக்க வேண்டும். காயிலின் ரப்பர் பூட் நுனியில் ஆயில் பிசுபிசுத்தால் குழியின் சீல் போய்விட்டது. அந்த நிலையில் பிளக்கை உடனே திருகக் கூடாது. முதலில் ஆயிலைத் துணியாலோ சிரிஞ்சாலோ எடுத்துவிட்டு, அடியில் தங்கிய மண்ணையும் சுத்தம் செய்யுங்கள். இல்லாவிட்டால் அத்தனையும் சிலிண்டருக்குள் இறங்கும்.

ஆயில் மின்சாரத்தைக் கடத்தாது, பிறகு எப்படி மிஸ்ஸிங் வரும்? ஆயில் ரப்பரைத்தான் கெடுக்கிறது. ஊறிய பூட் உப்பிக் கொழகொழத்து, மயிரிழை வெடிப்பு விடும். ஸ்பார்க் அந்த வெடிப்பு வழியாகக் குழிச் சுவருக்குத் தாவிவிடும். பிளக்கைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தால், வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழாக, பென்சிலால் கிழித்தது போல ஒரு கருங்கோடு தெரியும். ஸ்பார்க் தப்பி ஓடிய தடம் அது. பூட்டின் உள்பக்கமும் அதற்கு நேரே ஒரு கோடு இருக்கும். பிளக்கை மட்டும் மாற்றினால் பழைய பூட் புதுப் பிளக்கிலும் அதே கோட்டைப் போட்டுவிடும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

குழி காய்ந்திருந்தால், வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பிழை எண்ணைப் படிக்கும் ஸ்கேனருக்குப் போகலாம். பி0302 என்றால் 2-வது சிலிண்டரில் மிஸ்ஸிங். பி0300 என்றால் குறிப்பிட்ட ஒரு சிலிண்டர் என்று சொல்ல முடியாதபடி மிஸ்ஸிங் மாறி மாறி வருகிறது. 2-வது காயிலை 3-க்கு மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். பிழை எண் பி0303 ஆக மாறினால் காயில்தான். மாறாவிட்டால் பிளக்கை மாற்றிப் பாருங்கள், அதன் பிறகு இஞ்செக்டர். ஒரு தடவைக்கு ஒரு பொருளை மட்டும் மாற்றினால்தான் குற்றவாளி எது என்று தெரியும். ஸ்கேனர் போட முடியாத பழைய வண்டியில், ஐடிலிங்கில் பிளக் வயர்களை ஒவ்வொன்றாக இன்சுலேட்டட் பிளையரால் விலக்கி, விலக்கிய நுனியை எர்த்தில் தொட வையுங்கள். எந்த வயரை விலக்கியும் ஓட்டத்தில் மாற்றம் இல்லையோ, அந்த சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. செக் எஞ்சின் விளக்கு மின்னி மின்னி எரிந்தால் அந்த வண்டியை ஓட்டிச் சோதிக்க வேண்டாம். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும்.

டேப்பெட் கவர் பேக்கிங் மாற்றுவது கடினமில்லை, கெடுவது அவசரத்தில்தான். வெளிப் பேக்கிங்கை மட்டும் மாற்றி, பிளக் குழி சீல்களைப் பழையதாகவே விட்டுவிட்டால் வேலை பாதிதான் முடிந்தது. ஹெட்டின் முகத்தில் பழைய சிலிக்கான் துளிகூட இருக்கக் கூடாது. கேம் ஷாஃப்டைப் பிடிக்கும் கேம் கேப் ஹெட்டோடு சேரும் மூலைகளில் மட்டும் சின்னப் பொட்டாகச் சிலிக்கான் வையுங்கள். சுற்றிலும் பூசினால் ரப்பர் வழுக்கி வெளியே பிதுங்கும். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள். பல எஞ்சின்களில் அளவு 8 முதல் 10 நியூட்டன் மீட்டர்தான். உங்கள் வண்டிக்கு உரியதை மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். "இன்னும் கொஞ்சம் இறுக்கினால் நிற்கும்" என்று நினைத்து இழுத்தால் கவர் வளையும், அதன் பிறகு எந்தப் பேக்கிங்கும் நிற்காது.

புதுப் பேக்கிங் போட்டும் சில வாரத்தில் கசிந்தால் பேக்கிங்கைக் குறை சொல்லாதீர்கள், பி.சி.வி. வால்வைப் பாருங்கள். பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே வரும் புகையை இன்டேக்குக்குத் திருப்பி அனுப்பும் வழி அது. அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, எந்த சீல் பலவீனமோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளும். ஐடிலிங்கில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அந்தத் துளையின் மேல் ஒரு தாளை வையுங்கள். பொதுவாகத் தாள் லேசாக உறிஞ்சப்பட்டு ஒட்ட வேண்டும். எழும்பிப் பறந்தால் ஒன்று வால்வு அடைத்திருக்கிறது, அல்லது ரிங் தேய்ந்திருக்கிறது. மூடியைத் திறக்கவே முடியாத அளவுக்கு உறிஞ்சினால் வால்வின் உள்ளே இருக்கும் மெல்லிய ரப்பர் சவ்வு (டயஃப்ரம்) கிழிந்திருக்கலாம். அப்போது அதிகக் காற்று உள்ளே போய் அதுவே மிஸ்ஸிங்கைக் கொண்டுவரும். சீலுக்கு முன்னால் இந்த வால்வைச் சோதிப்பதுதான் சரியான வரிசை.

ரிங்கா என்று அறிய, சிலிண்டர்களின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட். எஞ்சின் சூடாக, எல்லா பிளக்கும் கழற்றி, ஃபியூயலும் இக்னிஷனும் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து ஐந்தாறு சுற்று சுற்றவிடுங்கள். ஒரு சிலிண்டர் மற்றவற்றைவிட 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அதில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டுத் திரும்ப அளந்து பாருங்கள். ஏறினால் ரிங் அல்லது சிலிண்டர் சுவர், ஏறாவிட்டால் ஹெட்டில் உள்ள வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்தால் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள்.

கசிவைத் தேடும்போது சொட்டும் இடத்தை நம்பாதீர்கள். ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னுக்குத் தள்ளும், ஆயில் தானாகவே கீழே இறங்கும். டிகிரீசர் போட்டுக் கழுவி, காயவைத்து, டால்கம் பவுடர் தூவி, பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு டார்ச் அடியுங்கள். நனைந்த பவுடரில் எது உயரமாகவும் முன்பக்கமாகவும் இருக்கிறதோ அங்கிருந்து தொடங்குங்கள். ஆயில் பிரஷர் சுவிட்ச், டிஸ்ட்ரிபியூட்டர் ஓ-ரிங், ஃபில்டர் மாற்றும்போது பழைய ரப்பர் வளையம் ஒட்டிக்கொண்டு இரட்டையாகப் போனது: மலிவான இந்தக் காரணங்களை முதலில் தள்ளிவிடுங்கள்.

பெல் ஹவுசிங்குக்கும் (கியர்பாக்ஸ் எஞ்சினோடு சேரும் கூடு) எஞ்சினுக்கும் நடுவே ஆயில் சொட்டினால் உடனே பின்பக்க க்ராங்க் ஷாஃப்ட் சீல் என்று கியர்பாக்ஸை இறக்கச் சொல்வார்கள். அதற்குச் சம்மதிக்கும் முன் ஒரு கண்ணாடியும் டார்ச்சும் எடுத்து, டேப்பெட் கவரின் பின்மூலையை, எஞ்சினையும் பயணிகள் பகுதியையும் பிரிக்கும் ஃபயர்வாலை ஒட்டிய கண்ணுக்குத் தெரியாத அந்த ஓரத்தைப் பாருங்கள். அங்கே கசியும் ஆயில் பிளாக்கின் முதுகில் வழிந்து, இறங்கி, சரியாக அதே இடத்தில்தான் சொட்டும்.