மேஸில் விடுவதற்கு முன் நடப்பதையும் பாருங்கள்

இறுதியாண்டு ஆய்வுக்காகக் கண்டிப் பக்கம் ஒரு விலங்கறையில் சில மாதங்கள் சுண்டெலிகளோடு இருந்தேன். என் முதல் தொகுதி எலிகள் வீணாய்ப் போயின. அடுத்து செய்யப்போகும் தம்பி தங்கைகளுக்கு அந்த நிலை வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் எடுத்தது எலிவேட்டட் பிளஸ் மேஸ். எலியின் பதட்டத்தையும் அதில் மருந்தின் பலனையும் பார்க்கும் சோதனை அது. தரையிலிருந்து ஏறக்குறைய அரை மீட்டர் உயரத்தில் கூட்டல் குறி வடிவ மேடை. எதிரெதிரே இரண்டு கைகளுக்குச் சுவர் உண்டு, மற்ற இரண்டும் வெறும் பலகை. எலியை நடுவில் விட்டு 5 நிமிடம் பார்க்க வேண்டும். புது இடத்தைத் துழாவும் ஆசையும் வெட்டவெளிப் பயமும் அதற்குள் இழுபறிப்படும். பின்னங்கால்களைச் சுவருக்குள் வைத்துக்கொண்டே உடலை நீட்டி, மீசை துடிக்கப் பலகையை முகர்ந்துவிட்டுப் பின்வாங்கும். நான்கு பாதமும் ஒரு கைக்குள் போனால்தான் ஒரு நுழைவு. ஆனால் அந்த நீட்டலையும் தனியாக எண்ணுங்கள். எனக்கு அதுவே அதிகம் சொன்னது.

அது ஒக்டோபர் மாதம். மத்தியானம் தாண்டினால் தகரக் கூரையில் மழை கொட்டும். கூண்டுகளைக் கொண்டுவந்த கையோடு, வாலைப் பிடித்துத் தூக்கி மேடையில் விட்டேன். மருந்து கொடுக்காத எலிகளே திறந்த கைப்பக்கம் போகவில்லை. அப்படியானால் மருந்தின் பலனை எதோடு ஒப்பிடுவது? சரி, மறுபடி விடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. ஒருமுறை மேஸைப் பார்த்த எலியிடம் பதட்டம் தணிக்கும் மருந்தான டயசிபாம்கூட முன்போல வேலை செய்யாது. அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. அவை உயிர்கள் அல்லவா.

அப்புறம் புதுத் தொகுதிக்கு எல்லாவற்றையும் மாற்றினேன். வாலைத் தொடவே இல்லை. குழாயில் ஏறவிட்டோ உள்ளங்கையில் ஏந்தியோ எடுத்தேன். அப்படி எடுத்தால் பதட்டம் குறையும் என்று 2010இல் ஹர்ஸ்ட், வெஸ்ட் என்ற ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஒரு வாரம் கைப்பழக்கம். சோதனை நாளில் ஒரு மணி நேரம் அறையில் அமைதியாக வைத்தேன். மழைக்கு முந்திய காலை நேரம் மட்டும், எப்போதும் அதே வெளிச்சம். ஒவ்வொரு எலிக்குப் பிறகும் மேடையை எத்தனோலால் துடைத்துக் காயவிட்டேன்.

வைவாவில், அதாவது ஆய்வு பற்றிய வாய்மொழித் தேர்வில், முதல் கேள்வியே, “எலி பயந்ததா, இல்லை நடமாட்டமே குறைந்ததா?” என்பதுதான். சுவருள்ள கைகளுக்குள் நுழைந்த எண்ணிக்கை மருந்து கொடுத்த, கொடுக்காத இரு குழுவிலும் ஏறக்குறைய ஒன்றாக இருந்ததைக் காட்டினேன். அந்த எண்களைக் கட்டாயம் குறித்து வையுங்கள். அறிக்கையில் ‘பதட்டம்’ என்று எழுதாமல் ‘பதட்டம் போன்ற நடத்தை’ என்றே எழுதுங்கள். எலியின் மனதை நாம் அளக்கவில்லை.