தடத்தை வைத்து இலைத்துளைப்பானை இனங்காணுதல்

இலையின் தோலுக்குள் வாழும் அந்துப்பூச்சிப் புழுக்களை, அவை குடைந்த தடத்தை மட்டும் பார்த்து இனங்காணப் பழகிவருகிறேன். சிறகு விரித்தாலும் ஒரு சென்டிமீட்டரை எட்டாத பூச்சியைப் பிடித்துப் பெயர் சொல்வது கடினம். தடமோ இலை உதிரும்வரை அப்படியே இருக்கும். பெரும்பாலான இனங்கள் ஒரே தாவரக் குடும்பத்தை விட்டு விலகுவதில்லை என்பதால், செடியின் பெயரை முதலில் குறித்துக்கொள்வது பாதி வேலையை முடித்துவிடுகிறது.

மொட்டைமாடி எலுமிச்சையின் கொழுந்திலையை வெயிலுக்கு நேரே பிடித்து லென்ஸ் வழியாகப் பார்த்தால், நடுநரம்பின் அருகே நூல்போலத் தொடங்கும் வெள்ளித்தடம் வளைந்து வளைந்து அகன்றுகொண்டே போவதும், அதன் நடுவே புழுவின் எச்சம் ஒற்றைக் கருங்கோடாக ஓடுவதும் தெளிவாகத் தெரிகின்றன. தடம் இலையின் ஓரத்தில் முடிந்து, அந்த விளிம்பு சற்றே மடிந்திருந்தால், உள்ளே கூட்டுப்புழு இருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் அது பில்லோக்னிஸ்டிஸ் சிட்ரெல்லா என்று உறுதியாக எழுதிவைக்கிறேன். 1856இல் கல்கத்தாவிலிருந்து கிடைத்த பூச்சிகளைக் கொண்டு பெயரிடப்பட்ட இனம் இது.

எனக்கு மிகவும் பயன்பட்ட அடையாளம் எச்சக்கோடுதான். தக்காளி இலையிலும் இதே போன்ற பாம்புத்தடம் உண்டு. ஆனால் அங்கே எச்சம் இரு ஓரங்களிலும் மாறி மாறிக் கிடக்கும். ஒருக்களித்துப் படுத்துத் தின்னும் ஈப்புழு அவ்வப்போது புரண்டு படுப்பதால் அப்படி அமைகிறது; அது அந்துப்பூச்சியின் வேலை அன்று. 2014இல் இந்தியாவில் முதன்முதலாகக் காணப்பட்ட டூட்டா அப்சலூட்டா என்னும் அந்துப்பூச்சியோ தக்காளி இலையில் கோடு இழுக்காமல் திட்டாகக் குடைகிறது.

பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்பில் பார்த்தவை வேறு வகை. இளந்தளிரின் மேற்புறம் சாம்பல் வெள்ளைக் கொப்புளங்களாக உப்பியிருந்தது. முற்றிய இலைகளில் அந்தத் திட்டுகள் காய்ந்து உதிர்ந்து ஓட்டைகளே எஞ்சியிருந்தன. ஓட்டையை மட்டும் பார்ப்பவர் இலையைக் கடிக்கும் வண்டையோ புழுவையோ சந்தேகிப்பார் என்பதால், அதே கிளையின் தளிரையும் சேர்த்துப் பார்த்த பின்பே அக்ரோசெர்காப்ஸ் சின்கிராம்மா என்னும் அந்துப்பூச்சி என்று குறித்தேன்.

மடிந்த விளிம்புள்ள எலுமிச்சை இலைகளைச் சற்றே ஈரமான காகிதத்துடன் கண்ணாடிக் குப்பியில் இட்டு, வாயைத் துணியால் கட்டிவைக்கிறேன். சிலவற்றிலிருந்து சிறகு நுனியில் கரும்புள்ளி கொண்ட வெள்ளிநிறப் பூச்சி வந்தது. சிலவற்றிலிருந்து புழுவைத் தின்று வளர்ந்த ஒட்டுண்ணிக் குளவி வந்தது. தடத்தின் பெயரை இரண்டுமே மாற்றுவதில்லை. அடுத்து, புங்க இலைத் திட்டுகள் மேற்தோலில் உள்ளனவா, அடித்தோலில் உள்ளனவா என்று பிரித்து அழுத்திக் காயவைக்கத் தொடங்கியிருக்கிறேன்.