செயின்ட் ஜார்ஜ் கோட்டை, பிறகு சங்ககிரி

2025 ஜூலை 28, திங்கள், சேலம்

காலையில்தான் சென்னையிலிருந்து வந்து இறங்கினோம். நேற்று முழுக்க செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் மியூசியத்தில். 1948இல் திறந்த மியூசியம், கட்டடம் 1795இல் கட்டி முடித்தது. வாள், துப்பாக்கி, பதக்கம் எல்லாம் இருக்கிறது. 1947 ஆகஸ்ட் 15 அன்று அந்தக் கோட்டையில் ஏற்றிய தேசியக்கொடியின் முன்னால் அப்பா வெகுநேரம் நின்றார்.

என்னை நிறுத்தியது கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸின் சிலை. பீடத்தில் மைசூரை ஆண்ட திப்பு சுல்தானின் இரண்டு மகன்களைப் பிணையாக ஒப்படைக்கும் காட்சியைச் செதுக்கியிருக்கிறார்கள். சின்னப் பையன்கள். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி, போரில் தோற்ற திப்பு 3 கோடியே 30 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். அதற்குத்தான் பிள்ளைகள் பிணை. பாராமகாலும் (இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம்) நம் சேலமும் கம்பெனி கைக்குப் போனது அதே உடன்படிக்கையில்தான். சேலத்துக்காரர்கள் அந்தச் செதுக்கலைச் சும்மா கடந்து போகக் கூடாது.

ஜூலை 30, புதன்

கோட்டை மாரியம்மன் கோயில் பக்கம் ஆடிக் கூட்டம், வண்டி நகரவில்லை. ராத்திரி சாப்பிடும்போது அப்பா சொன்னார்: "ஞாயித்துக்கிழமை ஆடிப்பதினெட்டு. இந்த வருஷம் மேட்டூர் வேண்டாம் கண்ணு, சங்ககிரி போலாம்."

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கம்பெனியை எதிர்த்துப் போரிட்ட தீரன் சின்னமலையை 1805இல் சங்ககிரிக் கோட்டையில்தான் தூக்கிலிட்டார்கள். ஆடிப்பதினெட்டு அவருடைய நினைவு நாள். அடிவாரத்தில் ஒரே மாலையும் கோஷமும். மேலே ஏற ஏறக் கூட்டம் குறைந்துவிட்டது. ஒரு வாசலைத் தாண்டினால் அடுத்த மதில், அதைத் தாண்டினால் இன்னொன்று. வெயிலில் வெறுங்கையோடு ஏறும் எங்களுக்கே மூச்சு வாங்குகிறது. ஆயுதம் தூக்கிக்கொண்டு இதை ஏறிப் பிடிக்க வேண்டும் என்றால்? மலைமேல் பெருமாள் கோயிலும் இருக்கிறது, தர்காவும் இருக்கிறது.

கொங்குப் பகுதியின் வரிப்பணம் இந்தச் சங்ககிரி வழியாகத்தான் மைசூருக்குப் போனதாம். அதை வழிமறித்துப் பறித்தவர் சின்னமலை என்பது ஊர் ஊராகச் சொல்லும் கதை. அப்புறம் அதே மைசூருக்காகத் திப்புவின் பக்கம் நின்று கம்பெனியோடு போரிட்டார். 1799இல் திப்பு விழுந்த பிறகும் விடவில்லை: 1801இல் காவிரிக்கரை, 1802இல் ஓடாநிலை, 1804இல் அறச்சலூர். இந்தத் திருப்பத்தைப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். நினைவு நாளில் மாலை போடுவதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம் என்பதுதான் என் வருத்தம். யாரை எதிர்த்தார், பிறகு ஏன் அவரோடு சேர்ந்தார் என்று கேட்டால்தான் அந்த மனிதர் புரிவார்.

இறங்கும்போது அப்பாவிடம் இதையே சொன்னேன். "அப்ப ஓடாநிலைக்கும் போயிரலாம்" என்றார். அங்கே மணிமண்டபம் இருக்கிறது. சின்னமலை அங்கே கட்டிய கோட்டையைக் கம்பெனி இடித்துத் தள்ளிவிட்டது. அடுத்த ஞாயிறு போகிறோம்.