4கே கல்யாண வீடியோவுக்கு ப்ராக்ஸி போடும்போது

மூன்று கேமராவில் 4கே-யில் எடுத்த முகூர்த்தத்தை டைம்லைனில் அடுக்கி மல்ட்டிகேமில் (எல்லாக் கேமராவையும் ஒரே நேரத்தில் காட்டும் முறை) ஓடவிட்டால் நல்ல கம்ப்யூட்டரே திணறும். உடனே பழி டிஸ்க் மேல் விழும். கணக்குப் போட்டால் அது தவறு என்று தெரிந்துவிடும். 100 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 100 மெகாபிட்) ஃபுட்டேஜுக்கு வினாடிக்கு 12.5 எம்பி (மெகாபைட்) போதும்; மூன்றும் சேர்ந்தாலும் 40-ஐத் தொடாது. சாதாரண ஹார்டு டிஸ்க்கே அவ்வளவைக் கொடுத்துவிடும். சிக்கல் டிகோடிங்கில், அதாவது சுருக்கிய படத்தை அவிழ்ப்பதில் இருக்கிறது. ஹெச்.265 என்ற முறையில் சுருக்கிய கோப்பில் முழுப் படமாக இருப்பது பொதுவாக அரை வினாடிக்கோ ஒரு வினாடிக்கோ ஒரு ஃப்ரேம்தான். மற்றவை பக்கத்து ஃப்ரேமிலிருந்து மாறியதை மட்டும் வைத்திருக்கும். தாலி கட்டும் இடத்தைப் பின்னோக்கி ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திப் பார்க்கும்போது, ஒன்றைக் காட்ட மென்பொருள் பத்துப் பன்னிரண்டை அவிழ்க்க வேண்டியிருக்கும்.

இதற்குத்தான் ப்ராக்ஸி: எடிட் செய்யும்போது மட்டும் மூலக் கோப்புக்குப் பதிலாக நிற்கும் இலகுவான நகல். ஆனால் 4கே-யின் 3840×2160-ஐ 1920×1080-க்கு இறக்கி, அதை இதே வகையைச் சேர்ந்த ஹெச்.264-இல் வைப்பது அரைவேலை. பிக்சல் கால்வாசியாகிவிடும், அவிழ்க்கும் முறை அப்படியே இருக்கும். ஒவ்வொரு ஃப்ரேமும் தனியாக நிற்கும் கோடெக்தான் (வீடியோவைச் சுருக்கி அவிழ்க்கும் முறை) வேண்டும்: ப்ரோரெஸ் 422 ப்ராக்ஸி, அல்லது டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் எல்பி. 1080-இல், 25 ஃப்ரேமில், ப்ரோரெஸ் ப்ராக்ஸி ஏறக்குறைய 38 எம்பிபிஎஸ். ஒரு மணி நேரத்துக்கு 17 ஜிபி. மூலம் 45 ஜிபி. கூடுதல் இடம் கேட்கிறதே என்று தயங்க வேண்டாம். எடிட்டரின் கை தடையில்லாமல் ஓடுவதற்கு அந்த விலை தகும்.

ப்ராக்ஸியை உருவாக்குவது சுலபம். அது மூலத்தோடு பிசகாமல் திரும்பச் சேர வேண்டும், கவனம் அங்கேதான் வேண்டும். சோனி கேமராக்கள் கோப்புக்கு சி0001, சி0002 என்றே பெயர் வைக்கும். மாப்பிள்ளை பக்கக் கேமராவிலும் பெண் பக்கக் கேமராவிலும் சி0001 இருக்கும். ரீலிங்க் செய்யும்போது, அதாவது கோப்புகளை டைம்லைனோடு மறுபடி இணைக்கும்போது, ஒன்றின் இடத்தில் மற்றொன்று போய் உட்கார்ந்துவிடும். கார்டிலிருந்து காப்பி செய்த உடனே, வேறெதையும் தொடுவதற்கு முன், பெயருக்கு முன்னால் கேமரா எழுத்தையும் கார்டு எண்ணையும் சேர்த்துவிட வேண்டும். ப்ராக்ஸி போட்ட பிறகு பெயர் மாற்றுவது தொல்லையை விலைக்கு வாங்குவது.

ஃப்ரேம் ரேட், நீளம், ஆடியோ சேனல் எண்ணிக்கை மூன்றும் மூலத்தில் இருப்பதுபோலவே இருக்கட்டும். நான்கு சேனல் உள்ள கிளிப்புக்கு ஸ்டீரியோ (இரண்டு சேனல்) ப்ராக்ஸி போட்டால் ப்ரீமியர் எடிட்டிங் மென்பொருள் இணைக்க மறுக்கும். சொந்தக்காரர் ஃபோனில் எடுத்துக் கொடுத்த வீடியோ தனி வகை. பெரும்பாலும் அதன் ஃப்ரேம் ரேட் நிலையாக இருக்காது. போகப்போக நாதஸ்வரம் ஒரு பக்கம், விரல் ஒரு பக்கமாக விலகும். அதை ஹேண்ட்பிரேக் என்ற மாற்றும் மென்பொருளில் நிலையான ஃப்ரேம் ரேட்டுக்கு மாற்றி, அந்தக் கோப்பையே மூலமாக வைத்துக்கொண்டு, பிறகு ப்ராக்ஸி போடுவதே சரி.

லாக்-இல் (நிறம் வெளிறித் தெரியும்படி பதிவாகும் முறை) எடுத்த ஃபுட்டேஜுக்கு, அதன் நிறத்தை மாற்றிக் காட்டும் லட் (LUT) கோப்பை ப்ராக்ஸியிலேயே பதிக்காதீர்கள். டைம்லைனிலும் லட் இருந்தால் நிறம் இரட்டிப்பாக ஏறும், ப்ராக்ஸியை அணைத்தால் படம் வேறாகத் தெரியும்.

ப்ராக்ஸியில் முடிவு செய்யக் கூடாதவையும் உண்டு. முதலாவது ஃபோகஸ். பெண்ணின் கண்ணிமையில் விழ வேண்டிய ஃபோகஸ் நெற்றிச்சுட்டியில் விழுந்திருந்தாலும் 1080 ப்ராக்ஸியில் இரண்டும் கூர்மையாகவே தெரியும். குளோசப் ஷாட்டைத் தேர்ந்தெடுக்கும் முன் ப்ராக்ஸியை அணைத்து 100 சதவீதத்தில் ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும். நாய்ஸ் குறைப்பு, ஸ்டெபிலைசர், டிராக்கிங் எல்லாம் மூலத்தில்தான்.

டைம்லைன் 1080-ஆக இருந்தால், ப்ரீமியரில் 'ஸ்கேல் டு ஃப்ரேம் சைஸ்' பக்கம் போகாமல் இருப்பது நல்லது. அது 4கே-யை அங்கேயே சுருக்கிவிடும். பிறகு ஜூம் செய்தால் படம் மொழுக்கென்று ஆகும். 'செட் டு ஃப்ரேம் சைஸ்' ஸ்கேல் எண்ணை 50 ஆக்குவதோடு நிறுத்திக்கொள்ளும். 100 வரை ஏற்றினாலும் பிக்சல் கெடாது.

எக்ஸ்போர்ட்டில் 'யூஸ் ப்ராக்ஸிஸ்' டிக் இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளில் டெலிவர் பக்கத்தில் 'யூஸ் ப்ராக்ஸி மீடியா'. ப்ராக்ஸி உருவாக்கும்போதே மூலையில் சின்னதாக ஒரு எழுத்தைப் பதித்து வைத்தால், தப்பித் தவறி ஒரு கிளிப் ப்ராக்ஸியாகவே போயிருந்தாலும் முழுப் படத்தை ஓட்டிப் பார்க்கையில் கண்ணில் பட்டுவிடும். டெலிவரி முடிந்ததும் ப்ராக்ஸி ஃபோல்டரை அழித்துவிடலாம். பேக்கப்புக்குப் போக வேண்டியவை மூலக் கோப்புகளும் ப்ராஜெக்ட் ஃபைலும்.