கண் முழிக்கட்டும்மா

நர்ஸாக நான் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொண்ட நோயாளி ஒரு பெரியவர். கேஸ் ஷீட்டில் 'மதம்' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதச் சொன்னார். அதற்குக் கீழே 'ஆன்மிகத் தேவைகள்' என்று ஒரு வரி. அதைக் காலியாக விடப் போனேன். "அதையும் நிரப்புங்க சிஸ்டர். எனக்கு நெனவு தப்பினாலும் நெத்தியில எதுவும் பூசக் கூடாது. நீங்கதான் பாத்துக்கணும்" என்றார். "பாத்துக்கிறேன் ஐயா" என்று சொல்லி, அப்படியே எழுதியும் வைத்தேன்.

நான் முருகனைக் கும்பிடுகிறவள். ஊசியைக் கையில் எடுத்தால் 'முருகா' என்று வாய் தானாக முணுமுணுக்கும். அது அவர் காதிலும் விழும். கிண்டல் செய்யமாட்டார், ஆனால் விவாதத்துக்கு இழுப்பார். 2006-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வை அடிக்கடி சொல்வார். இதய பைபாஸ் செய்துகொண்ட 1,802 பேரிடம் நடந்தது. தங்களுக்காகப் பிரார்த்தனை நடக்கிறது என்று தெரிந்தவர்களில் 59 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்தது. நடக்குமோ நடக்காதோ என்று தெரியாமல், பிரார்த்திக்கப்பட்டவர்களில் 52 சதவீதம். நான் பிறகு தேடிப் பார்த்தேன், கணக்கு சரிதான். அடுப்படியிலிருந்து அவர் மனைவி, "அது யாரோ முன்னப்பின்ன தெரியாதவங்க வேண்டிக்கிட்டது" என்பார். அதற்கு அவர் மறுபேச்சு பேசியதில்லை.

அவருக்குக் கணையத்தில் புற்றுநோய், ஈரலுக்கும் பரவியிருந்தது. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை மார்ஃபின். வலி அடங்கிய நேரங்களில் பெரியாரைப் பற்றிப் பேசுவார், கண் தானத்தைப் பற்றிப் பேசுவார். "செத்த பெறகு என்னன்னு கேக்காதீங்க. ஆறு மணி நேரத்துக்குள்ள வந்து கண்ண எடுத்துக்குவாங்க, ரெண்டு பேருக்குப் பார்வை கெடைக்கும். எனக்கு அது போதும்." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த தெளிவு, வயலூர் முருகன் கோயிலில் தரிசனம் முடிந்து வெளியே வருகிறவர்கள் முகத்தில் நான் பார்ப்பதுதான். நம்பிக்கை இல்லாதவர்களுக்குக் கடைசியில் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது என்று சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். இவரைப் பார்த்த பிறகு அதை என்னால் சொல்ல முடியவில்லை.

அது மாசி கடைசி. சமயபுரத்தில் பூச்சொரிதலும், மாரியம்மன் பக்தர்களுக்காகத் தானே இருக்கும் 28 நாள் பச்சைப் பட்டினியும் தொடங்கியிருந்தன. ஐயாவின் மனைவியான அந்த அம்மாவும் விரதம். இளநீரும் பானகமும்தான். ஐயாவுக்கும் உள்ளே எதுவும் இறங்கவில்லை. "ஆத்தாளும் பட்டினி, இவரும் பட்டினி" என்று ஒருநாள் சொன்னார். மஞ்சள் காமாலை ஏறி, அவர் தூக்கத்திலேயே கிடக்கத் தொடங்கியிருந்தார். மாத்திரையை நிறுத்திவிட்டுத் தோலுக்கடியில் பட்டர்ஃப்ளை ஊசி வைத்து மருந்து கொடுத்துக்கொண்டிருந்தோம்.

அன்று நான் உள்ளே போனபோது நெற்றியில் மூன்று விரல் அகலத்துக்குத் திருநீறு. அந்த அம்மாவின் விரல் நுனிகளிலும் ஒட்டியிருந்தது. மறைக்க முயலவில்லை.

"அவருக்குத்தான் ஒண்ணும் தெரியலையே சிஸ்டர்."

"கேஸ் ஷீட்டுல எழுதச் சொல்லியிருக்காரும்மா."

"தாலி வேணாம்னாரு, சரின்னேன். எங்கப்பா மூணு வருசம் வாசப்படி மிதிக்கல. பிள்ளைங்களுக்கு மொட்டை போடக் கூடாதுன்னாரு, சரின்னேன். நான் கேக்குறது இது ஒண்ணுதான்."

சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967-ல் அண்ணா சட்டம் கொண்டுவருவதற்கு முன்பே நடந்த கல்யாணம் அது. சாமி கும்பிடுகிற ஒரு பெண் அன்று அதற்குச் சம்மதித்தது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்: "கண் முழிக்கட்டும்மா. நீங்களே அவர்கிட்ட கேளுங்க." சொல்லிவிட்டு, வெந்நீரில் துணியைப் பிழிந்து, எப்போதும்போல முகத்திலிருந்து துடைக்கத் தொடங்கினேன். நெற்றியையும் துடைத்தேன். தண்ணீர்ப் பேசினை அந்த அம்மாதான் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு ஐயாவுக்கு முழு நினைவு வரவே இல்லை.

இதைச் சக நர்சுகளிடம் சொன்னபோது, "நீ செஞ்சதுதான் சரி" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். பேச முடியாத மனிதரின் வாயாக இருப்பதும் எங்கள் வேலைதான். ஒரு முருக பக்தருக்கு நினைவு தப்பியதும் மகன் வந்து நெற்றித் திருநீற்றை அழித்தால் சும்மா இருப்பேனா? மாட்டேன். அப்படியென்றால் இவருக்கும் அதே நியாயம்தான். ஆனால் "கண் முழிக்கட்டும்" என்றேனே, அந்த ஈரலோடு அவர் முழித்துப் பேசுவது கடினம் என்று எனக்குத் தெரியும். அந்த அம்மாவுக்குத் தெரியாது. முடியாது என்று சொல்லவேண்டிய இடத்தில் நம்பிக்கை கொடுப்பதுபோல ஒன்றைச் சொல்லிவிட்டேனோ என்பதுதான் இன்னும் உறுத்துகிறது. மரணப் படுக்கையில் இருப்பவரை நல்லபடி அனுப்பிவைப்பதைச் சொல்லிக்கொடுத்தார்கள். அவரோடு அரை நூற்றாண்டு வாழ்ந்தவருக்கு அந்தத் திருநீறு எதற்காக வேண்டியிருந்தது என்று நான் கேட்கவில்லை. சாகும் நிலையில் இருப்பவர்களைப் பராமரிக்கும் இன்றைய முறைக்கு வழிகாட்டிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் தீவிரக் கிறிஸ்தவர். 1967-ல் லண்டனில் அவர் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ் என்ற பராமரிப்பு இல்லத்தில் மதம் இல்லாதவர்களுக்கும் இடம் இருந்தது. உடம்பு, மனம், குடும்பம், வாழ்ந்ததற்குப் பொருள் என்ன என்ற கேள்வி, எல்லாம் சேர்ந்ததுதான் முழு வலி என்றார். அன்று அந்த அறையில் வலி கட்டிலில் மட்டுமா இருந்தது?

அவர் இறந்ததும் கண் வங்கிக்கு போன் செய்தது அந்த அம்மாதான். நான் போய்ச் சேர்வதற்குள் ஃபேனை நிறுத்தி, தலைக்குக் கீழே இன்னொரு தலையணை வைத்து, மூடிய இமைகள்மேல் ஈரப் பஞ்சு வைத்திருந்தார். எல்லாம் ஐயா சொல்லிக்கொடுத்தபடி. நெற்றியில் எதுவும் இல்லை.

இப்போதெல்லாம் அந்த வரியை நிரப்பும்போது வீட்டுக்காரர்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறேன். அன்றும் அப்படிச் செய்திருந்தால் என்று நினைப்பதுண்டு. என்ன நடந்திருக்கும்? அவர் "வேண்டாம்" என்றிருப்பார், அந்த அம்மாவும் வழக்கம்போல "சரி" என்றிருப்பார். ஆனால் அந்த மாசி மாதத்தில் அவர் திருநீற்றை எடுக்காமல் இருந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.