மூட்டு ஊசி நோட்டீஸ்

தருமபுரி பஸ் ஸ்டாண்டில் ஒரு அம்மா கையில் நோட்டீஸ். "ஸ்டெம் செல் ஊசி, மூட்டு மாத்த வேண்டாம்."

கீழே பொடி எழுத்தில்: பி.ஆர்.பி.

பி.ஆர்.பி.யில் ஸ்டெம் செல்லுக்கு, அதாவது புது செல்களை உருவாக்கும் மூல செல்லுக்கு, வேலையே இல்லை. நம் ரத்தத்திலுள்ள, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைத் திரட்டி நம் மூட்டிலேயே போடுவது.

சுமார் 30 மி.லி. ரத்தம் எடுத்து, உறையாமலிருக்க சிட்ரேட் கலப்பார்கள். பிறகு குழாயை இயந்திரத்தில் வைத்துச் சுழற்றுவார்கள். முதல் சுற்று மெதுவாக: சிவப்பணு அடியில் இறங்கும். மேலே நிற்கும் மஞ்சள் நீரான பிளாஸ்மாவை வேறு குழாய்க்கு மாற்றி, இரண்டாம் சுற்று வேகமாக. தட்டணு அடியில் படியும். மேல் தெளிவை எடுத்துவிட்டால் மிஞ்சுவது மூன்று நான்கு மி.லி.

கெடுவது பெரும்பாலும் முதல் சுற்றில்தான். வேகம் கூடினால் தட்டணுவும் சிவப்பணுவோடு சேர்ந்து இறங்கிவிடும். அப்புறம் ஊசியில் ஏறுவது வெறும் மஞ்சள் தண்ணீர். மைக்ரோலிட்டருக்கு 10 லட்சம் தட்டணுவாவது வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. எண்ணிப் பார்க்காமலே ஏற்றுகிற இடங்களும் உண்டு. காசு மட்டும் எண்ணி வாங்குவார்கள்!

சரியாகச் செய்தாலும்? 2021இல் ஆஸ்திரேலியாவில் மூட்டுத் தேய்மானம் உள்ள 288 பேரிடம் பி.ஆர்.பி.யை மருந்தில்லாத உப்புநீர் ஊசியோடு ஒப்பிட்டார்கள். ஒரு வருடம் கழித்து வலியிலும் குருத்தெலும்பிலும் சொல்லும்படி வித்தியாசமில்லை.

நிஜமான ஸ்டெம் செல் சிகிச்சை பக்கத்திலேயே, வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதல் நடக்கிறது: எலும்பு மஜ்ஜை மாற்று. தலசீமியா என்னும் பரம்பரை ரத்தசோகைக்கு, ரத்தப் புற்றுக்கு. கொடையாளரின் செல்கள் எலும்புக்குள் குடியேறி ரத்தம் உண்டாக்கத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம். அதுவரை கிருமி அண்டாமல் தனி அறை.