பாங்காக்கில் ஒரு நம்பர் வாங்குவது

2025 ஜூன் 3
சுவர்ணபூமி விமான நிலையத்தில் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்ததுமே சிம் கவுண்டர்கள்தான். ஏஐஎஸ், ட்ரூ, டிடாக். பின்னிரண்டும் 2023 மார்ச்சிலேயே ஒரே கம்பெனியாகிவிட்டன. கவுண்டர் பெண் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு கேமராவைப் பார்க்கச் சொன்னார். முகத்தைப் பதியாமல் சிம் தருவதில்லை. பிறகு ஊசியால் தட்டைத் தள்ளி, என் இந்திய சிம்மை எடுத்து ஓர் அட்டையில் செலோடேப் போட்டு ஒட்டிக் கொடுத்தார். ஊர் சுற்ற வருபவர்களுக்கு இந்த 8 நாள், 15 நாள் பேக்குகளே தாராளம். நான் வேலைக்கு வந்தவன்.

ஜூன் 5
ஊர் வங்கிக்கு ஓடிபி இல்லாமல் எதுவும் நகராது. அதற்கென்றே கொண்டுவந்த பழைய போனில் இந்திய சிம்மைப் போட்டு, டேட்டாவை அணைத்துவிட்டு, ரோமிங்கை மட்டும் விட்டிருக்கிறேன். எஸ்எம்எஸ் வந்து சேரக் காசில்லை. ஆனால் ஓடிபி வருவதற்குள் அதன் ஆயுள் முடிந்துவிடுகிறது!

ஜூன் 9
மாலில் இருக்கும் கம்பெனிக் கடையிலேயே சாதாரண ப்ரீபெய்டு சிம் வாங்கினேன். மறுபடி பாஸ்போர்ட், மறுபடி முகம். அலுவலகத்தில் ஒருவர் தன்னிடம் சும்மா கிடந்த சிம்மைத் தருவதாகச் சொன்னார். நல்ல மனசுதான், ஆனால் உதவாது. மொபைல் பேங்கிங் வேண்டுமென்றால் கணக்கும் சிம்மும் ஒரே பெயரில் இருக்க வேண்டும். போலிக் கணக்கு மோசடிகளால் வந்த கெடுபிடி.

அம்மா போன் போகவில்லை என்று வாட்ஸ்அப்பில் புலம்பல். தாய்லாந்து கோடான 66-க்குப் பிறகு, நம்பரின் முன்னால் இருக்கும் 0-வையும் சேர்த்து அடித்திருக்கிறார்.

ஜூன் 17
கணக்கு திறந்தாயிற்று. நம்பரை ப்ராம்ப்ட்பேயில் (நம்ம ஊர் யூபிஐ மாதிரி) இணைத்ததும் ஊரே வேறு மாதிரி ஆகிவிட்டது. நூடுல்ஸ் வண்டி, பழக்கடை, மோட்டார் பைக் டாக்ஸி, எங்கும் கியூஆர் அட்டை. இங்கே டேட்டா மலிவு, வேகமும் குறைவில்லை. அதைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. நம்பர் போனால்தான் பணம், வீட்டு ஓனரின் லைன் ஆப் மெசேஜ், பார்சல்காரர் எல்லாம் சேர்ந்து போகும். அதனால் செவன் லெவன் கடையில் டாப்-அப். நம்பரைச் சொன்னால் கல்லாப் பெண் திரையை நம் பக்கம் திருப்பிக் காட்டுவார். சரிபார்த்துத் தலையாட்டினால் முடிந்தது. என் சிம்மில் 10 பாட் போட்டாலே நம்பரின் ஆயுள் ஒரு மாதம் நீள்கிறது.

ஜூன் 26
வீட்டுக்கு ஃபைபர். இந்தக் கட்டடத்துக்குள் ஒரே கம்பெனிதான் வரும், அதனால் விலை பார்க்கும் வேலை மிச்சம். கேபிள் இழுப்பவர் போனில் தாய்லாந்து மொழியில் பொரிந்து தள்ளினார். போனைக் காவலாளியிடம் கொடுத்தேன், அப்புறம் அவர் பாடு. ஆள் வந்து, தெருக்கம்பத்தில் தொங்கும் கறுப்புக் கேபிள் மொத்தைக்குள் கையை விட்டு எங்கள் இழையைச் சரியாகப் பிடித்து இழுத்தார். அரை மணியில் வைஃபை. ஒப்பந்தம் ஒரு வருடத்துக்காம், நடுவில் விட்டால் அபராதம். என் விசா இப்போதைக்கு 90 நாள்தான். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.